ஆத்திரம் எத்தனை நாளைக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் நடந்த ஒரு விஷயம். தரம் எட்டில் படிக்கும் ஒரு மாணவன், இடைவேளை நேரம் தண்ணீர்க் குழாயடியில் வைத்து இன்னொரு மாணவனுக்கு அடித்துவிட்டான். அடிபட்டவனின் முன்பல் பாதி உடைந்துவிட்டது. இரண்டு பேருடைய வாப்பாமாரும் வந்தார்கள். பேசினோம். அடித்தவனிடம் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னோம். கொப்பித் தாளைக் கிழித்து இரண்டே வரி எழுதினான்: "நான் ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். இனிமேல் அடிக்க மாட்டேன்."

"என்னத்துக்குடா ஆத்திரம் வந்த?"

"எங்கட வாப்பாவப் பத்திக் கேவலமாச் சொன்னான், சேர்."

"எப்ப சொன்ன?"

"திங்கக்கிழம."

அடி விழுந்தது புதன்கிழமை.

கடிதத்தை வாங்கி வாசித்த பெரியவர்கள் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "ஆத்திரத்துல செஞ்சதுதானே, பொடியன்தானே" என்று பல் உடைந்த பிள்ளையின் வாப்பாவே சொன்னார். நல்ல மனிதர். பிரச்சினை முடிந்தது. எங்களுக்கு மட்டும் அந்தச் சொல் மண்டைக்குள் நின்றுகொண்டது. திங்கள் வந்த ஆத்திரம் புதன் வரைக்கும் எங்கே இருந்தது? இரண்டு இரவு தூங்கி எழும்பி, ஓதப் போய், பந்தடித்து, சோறு தின்று, அதற்குப் பிறகும் அது ஆத்திரம்தானா?

அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் ஊர்ப் பேச்சையே எடுத்துப் பாருங்கள். கோபத்துக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. எரிச்சல் என்பது சின்னது; நுளம்பு கடித்தாலும், மின்சாரம் போனாலும் வரும். கடுப்பு அதற்கு ஒரு படி மேல். விசர் வருகுது என்றால் பொறுமை முடிந்துவிட்டது என்று அர்த்தம். கோவம் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆனால் கோவத்துக்கு நம் ஊரில் இன்னொரு பொருளும் இருக்கிறது. "காக்காவும் தம்பியும் கோவம்" என்றால் அந்த நேரத்தில் அவர்கள் கத்திக்கொண்டு நிற்கிறார்கள் என்பதல்ல, பேச்சுவார்த்தை இல்லை என்பது. ஒரு காணித் துண்டுக்காகப் பத்து வருஷம் கோவமாக இருந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். கலியாண வீட்டில் ஒரே சஹனில் உட்கார மாட்டார்கள். ஆனால் யாரும் கத்தவும் மாட்டார்கள். சிங்களத்திலும் இதே கதைதான். 'தரஹ' என்றால் கோபம்; 'தரஹய்' என்றால் பேசாமல் இருப்பது. அங்கே திடீர்க் கோபத்துக்குக் 'கேந்தி' என்று வேறு சொல் உண்டு. நமக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்குக் கேந்தி போகிறது, 'கேந்தி யனவா'. வருவதும் போவதும் ஒரே சங்கதிதான் என்பதைச் சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் சொல்லித்தான் நாங்களே கவனித்தோம்.

ஆத்திரம் இவற்றில் ஒன்றும் இல்லை. அது கண்மண் தெரியாத கோபம். அதைப் பெரும்பாலும் 'ஆத்திரத்துல' என்றுதான் சொல்கிறோம். ஆத்திரத்துல ஏசிட்டன். ஆத்திரத்துல போனைப் போட்டு உடைச்சிட்டன். ஆத்திரத்துல சொல்லிட்டன், மனசில வெச்சிக்காதீங்க ராத்தா. ஏதோ ஓர் இடத்துக்குள் விழுந்து எழும்பி வந்தவரைப்போல, அதற்குள் இருந்தபோது நடந்தது எதுவும் நம் கணக்கில் சேராது என்பதைப்போல.

இப்போது எங்கள் மூத்தம்மாவிடம் வருவோம். மர்ஹூமாகிப் பல வருஷம். அவர் மிச்சம் பிடித்த காசைத் தகரப் பேணி ஒன்றில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். ஏன் மூத்தம்மா என்று கேட்டால், "ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஒதவும் மனே" என்பார். இன்றைக்கும் நாம் சொல்கிறோம்: ஆத்திர அவசரத்துக்கு ஓர் ஓட்டோ கிடையாது, ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை. இந்த ஆத்திரத்தில் கோபம் எங்கே இருக்கிறது? ஒரு துளியும் இல்லை. இருப்பது அவசரம் மட்டும்தான். ஒரே பொருள் தரும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது நம் பேச்சு வழக்கம்: கூச்சல் குழப்பம், கஷ்ட நஷ்டம், ஆத்திர அவசரம்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் தமிழ் விரிவுரையாளர் அடிக்கடி ஒன்று சொல்வார். ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரியாவிட்டால் பழமொழியிடம் போய்க் கேள், அது கிழவி மாதிரி, பழசை மறக்காது. அப்படிப் போய்க் கேட்டால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்கிறது. கோபக்காரனுக்கு அறிவு குறைவு என்றுதான் நாம் இதை விளங்கி வைத்திருக்கிறோம். ஆனால் கன்னடத்தில் இதே பழமொழி, ஏறக்குறைய இதே சொற்களோடு இருக்கிறது. அங்கே முதற் சொல் 'ஆதுரகாரன்'. கன்னடத்தில் ஆதுரம் என்றால் அவசரம். ஆக, புத்தி மட்டானவன் அவசரக்காரன். சட்டியில் சோறு வேகுமுன் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவன். கோபம் பின்னால் வந்து ஏறிக்கொண்டது.

மற்றப் பழமொழியையும் சொல்லிவிடுகிறோம், பெண் பிள்ளைகள் வாசிப்பார்கள் என்றாலும் பரவாயில்லை, நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான்: ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது. எதுகைக்காகச் சேர்ந்த சோடி மட்டும் அல்ல இது. இரண்டுமே அவசரங்கள். ஒன்றைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம், மற்றதை முடியாது என்கிறார்கள். அடக்கக்கூடியது எது என்று அந்தக் கிழவி சொல்லிவிட்டதைக் கவனியுங்கள்.

இந்த ஆதுரம் வடமொழிச் சொல். 'ஆதுர' என்றால் நோயுற்ற, வருந்துகின்ற என்று பொருள். ஏதோ ஒன்றுக்காகத் துடிக்கின்ற என்ற பொருளும் உண்டு. நோயாளி துடிப்பான், துடிப்பவன் அவசரப்படுவான், அவசரப்படுபவன் பாய்வான். இப்படித்தான் ஒரு சொல் படுக்கையிலிருந்து எழும்பிச் சண்டைக்குப் போயிருக்கிறது. தமிழில் அந்தப் பழைய பொருள் நோயாளிகளோடு வெகு காலம் இருந்தது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் 11 ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கோயில் கல்வெட்டு ஒன்று, 15 கட்டில்கள் உள்ள ஒரு வைத்தியசாலையைப் பற்றிச் சொல்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் ஆதுலசாலை. ஆதுலர் என்றால் நோயாளர். அதுவும் இந்த ஆதுரம்தான்.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, நம் நாட்டிலேயே இருக்கிறது. தெற்கில் தொவில் என்ற பேயோட்டும் சடங்கு நடக்கும். முகமூடி போட்டு விடிய விடிய ஆடுவார்கள். யாருக்காக அந்தச் சடங்கு செய்யப்படுகிறதோ, அந்த நோயாளியை 'ஆதுரயா' என்பார்கள். நாம் ஆத்திரம் என்று சொல்லும்போது கை ஓங்கியவன் கண்ணுக்குத் தெரிகிறான். பக்கத்துப் பாஷையில் அதே சொல்லின் உடன்பிறப்பு பாயில் கிடக்கும் நோயாளி.

அப்படியென்றால் பழந்தமிழில் கடுங்கோபத்துக்கு என்ன சொல் இருந்தது? சினம், வெகுளி. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லும்போது வெகுளியை அதில் ஒன்றாக வைக்கிறது. அது எதனால் பிறக்கும் என்று நான்கு காரணங்களும் சொல்கிறது: அங்கத்தை அறுத்தல், தன்னைச் சார்ந்த குடிகளுக்குக் கேடு செய்தல், அடித்தும் வைதும் அலைத்தல், கொலை. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு வெகுளாமை என்றே பெயர் வைத்தார். குறளில் ஆத்திரம் என்ற சொல் இல்லை. அந்தக் காலத்து மனிதர்களுக்குக் கோபம் இல்லாமல் இருக்கவில்லை, கொலையே பட்டியலில் இருக்கிறது! ஆனால் வெகுளிக்குத் தொல்காப்பியர் காரணம் கேட்கிறார். ஆத்திரம் என்று சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆத்திரம் தானே ஒரு காரணமாகிவிடுகிறது.

அரபு மொழியில் இதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். பொதுவான கோபத்துக்கு 'கழப்'. உள்ளுக்குள் கொதிக்கும் கடுங்கோபத்துக்கு 'கைழ்'. ஆலு இம்ரான் சூராவின் 134 ஆவது வசனத்தில் வருவது இந்த இரண்டாவது சொல். நரகம் வெடித்துவிடும்போல் இருக்கும் என்று சூரத்துல் முல்க் சொல்லுமிடத்திலும் இதே சொல்தான். நாம் 134 ஆவது வசனத்தைத் தமிழில் சொல்லும்போது கோபத்தை அடக்குபவர்கள், மென்று விழுங்குபவர்கள் என்போம். அரபியில் அங்கே இருப்பது 'கழ்ம்' என்ற வேரிலிருந்து வந்த சொல். தண்ணீர் நிரம்பிய தோல் துருத்தியின் வாயைக் கட்டுவதற்கு அரபிகள் அந்தச் சொல்லைத்தான் பாவித்தார்கள். துருத்தி நிரம்பித்தான் இருக்கிறது. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வாய் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. கோபமே வராத மனிதரைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஹதீஸ்களில் கோபத்துக்குச் சொல்லப்பட்ட வழிகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நிற்கிறவர் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று அபூதாவூதில் வருகிறது. வுழூச் செய்யச் சொல்வதும் வருகிறது. சின்ன வயதில் இவற்றை மனப்பாடம் செய்தபோது, ஏதோ மருந்துச் சீட்டுப்போல் இருந்தது. இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. உட்காரவும் நேரம் வேண்டும். கிணற்றடிக்குப் போய் வாளி போட்டுத் தண்ணீர் அள்ளி, மூன்று மூன்று தரம் கழுவவும் நேரம் வேண்டும். கையை ஓங்கியவனிடம் அவை கேட்பது முதலில் கொஞ்ச நேரம்தான்.

இன்னொரு செய்தி புகாரியில் இருக்கிறது, இது ஒரு கடிதம். அபூபக்ரா ரழியல்லாஹு அன்ஹு, ஸிஜிஸ்தானில் நீதிபதியாக இருந்த தன் மகனுக்கு எழுதினார்: நீ கோபமாக இருக்கும்போது இரண்டு பேருக்கிடையில் தீர்ப்புச் சொல்லாதே, நபியவர்கள் அதைத் தடுக்கக் கேட்டேன் என்று. ஆசிரியர் தொழிலில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை வழக்குத் தீர்க்கிறோம்! பேனை காணாமற் போன வழக்கு, வாங்குக்குச் சண்டை பிடித்த வழக்கு, வீட்டுவேலை செய்யாத வழக்கு.

எங்கள் கதையையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம். ஒரு மாணவன் வகுப்பில் எங்களைப்போல் நடித்துக் காட்டியதைக் கண்டோம். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். வகுப்பில் பிரம்பு இல்லை. ஆசிரியர் அறைக்குப் போனோம், அது அடுத்த கட்டடத்தில். அலுமாரி பூட்டியிருந்தது, திறப்பை வாங்கினோம், திறந்தோம், பிரம்பை எடுத்தோம், திரும்பி நடந்தோம். வழியில் ஒரு டீச்சருக்கு ஸலாமும் சொன்னோம். வந்து அடித்தோம். அதிபர் கூப்பிட்டுக் கேட்டபோது எங்கள் வாயிலிருந்து வந்தது, "ஆத்திரத்தில் அடித்துவிட்டேன், சேர்." உடல் தண்டனை கூடாது என்று 2005 ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டிருந்தது, எங்களுக்கு அது தெரியும். அதிபரும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டார். அன்று அதை ஏற்காமல், "அலுமாரித் திறப்பை யாரிடம் வாங்கினீர்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது. அந்தப் பிள்ளை இப்போது வெளிநாட்டில். கண்டால் மரியாதையாகப் பேசுவான். அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

நேரத்தை அளக்கும் இந்தக் கேள்வியைச் சட்டம் கேட்கிறது. நம் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. கொலையைப் பற்றிய 294 ஆம் பிரிவில் முதலாவது விதிவிலக்கே ஆத்திரமூட்டலைப் பற்றியது. பாரதூரமான, திடீரென வந்த ஆத்திரமூட்டலால் ஒருவர் தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தியை இழந்து, அந்த நிலையில் ஓர் உயிரைப் போக்கினால், அது கொலைக் குற்றம் என்ற நிலையிலிருந்து ஒரு படி குறையும். பாரதூரமாக இருந்தால் மட்டும் போதாது, திடீரென்றும் இருக்க வேண்டும். இடையில் மனம் ஆற நேரம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்த ஆத்திரமூட்டலைக் கொல்வதற்கு ஒரு சாக்காகத் தானே தேடிப் போயிருக்கக் கூடாது. ஆக, 'ஆத்திரத்தில் செய்தேன்' என்று ஒருவர் சொன்னால், சட்டம் முதலில் மணிக்கூட்டைப் பார்க்கிறது. குற்றமே இல்லை என்றும் அது சொல்வதில்லை, பாரத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான்.

தலாக் விஷயத்திலும் இதே மணிக்கூடு இருக்கிறது. ஆத்திரத்தில் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லால் குடும்பம் உடைந்த கதை எந்த ஊரில்தான் இல்லை? அறிஞர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள். 'இக்லாக்' நிலையில் தலாக் இல்லை என்று ஒரு ஹதீஸ் உண்டு. கதவை இழுத்து மூடுவதற்குரிய வேரிலிருந்து வரும் சொல் அது. சிலர் அதை நிர்ப்பந்தம் என்றார்கள், சிலர் கடுங்கோபம் என்றார்கள். அறிவின் கதவு மூடிக்கொள்கிறதாம். இமாம் இப்னுல் கையிம் கோபத்தில் சொல்லும் தலாக்குக்கென்றே தனி நூல் எழுதினார். கோபத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்: தான் சொல்வது தெரிந்த ஆரம்பக் கோபம், ஒன்றுமே தெரியாத உச்சக் கோபம், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முதலாவதில் தலாக் செல்லும், உச்சத்தில் செல்லாது, சர்ச்சை எல்லாம் நடுப்படியில். நம் நாட்டில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபு கோபத்தை இலேசில் சாக்காக ஏற்பதில்லை.

நம் நாட்டுச் சட்டமான 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதற்கு வேறு வழி எடுத்தது. தலாக் சொல்ல விரும்பும் கணவன் முதலில் காதியாருக்கு அறிவிக்க வேண்டும். காதியார் உறவினர், ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேச வேண்டும். 30 நாட்களுக்குள் அது சரிவராவிட்டால்தான் காதியார் முன்னிலையில், சாட்சிகளோடு சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தில் திருத்தப்பட வேண்டியவை உண்டு என்பதும், பெண்களின் குரல் அதில் போதாது என்பதும் தனியாகப் பேச வேண்டியவை. எங்கள் கருத்தும் அதுதான். இந்த 30 நாளை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்துக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு மாதத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முப்பதாம் நாள் போய்ச் சொல்பவர் எதையும் சொல்லலாம், ஆத்திரத்தில் சொன்னேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

இனி எழுதப் போவது சிலருக்குக் கசக்கும். கருத்துப் பெட்டியில் ஏச வருபவர்கள் முழுதையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

2018 பெப்ரவரி 22. தெல்தெனியாவில் ஒரு லொறியும் ஒரு முச்சக்கரவண்டியும் சம்பந்தப்பட்ட வீதித் தகராறு. லொறிச் சாரதியான சிங்களச் சகோதரரை நம் பொடியன்கள் நான்கு பேர் தாக்கினார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்து மார்ச் தொடக்கத்தில் மௌத்தாகிவிட்டார். அந்த வீதியில் நடந்ததை ஆத்திரம் என்று சொன்னால் சொல்லுக்குப் பொருந்தும். சில நிமிடங்களின் அவசரம், ஒரு குடும்பம் அநாதையானது. நாம் திகனையைப் பற்றிப் பேசும்போது கதையை மார்ச் மாதத்திலிருந்து தொடங்குகிறோம். பெப்ரவரியிலிருந்து தொடங்க வேண்டும்.

மார்ச் 4 இலும் 5 இலும் தெல்தெனியாவிலும் திகனையிலும் பற்ற ஆரம்பித்தது. கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள். பிறகு கண்டி மாவட்டத்தின் மற்றப் பக்கங்களுக்கும் பரவியது. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞனின் ஜனாஸா கிடைத்தது. 6 ஆம் திகதி அவசரகால நிலை. 7 ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கம். அந்த நாட்களில் நாமும் கேட்டோம், வாசித்தோம்: ஆத்திரமுற்ற மக்கள் கடைகளுக்குத் தீ வைத்தனர். எவ்வளவு சாதாரணமான வசனம்! தாக்குதலுக்கும் தீக்கும் இடையில் பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஆட்களைக் கூடச் சொல்லிப் பதிவுகள் போயின. வந்து சேரும்படி அழைப்புகள் போயின. தங்கள் தளம் அதற்குப் பாவிக்கப்பட்டதற்கு முகநூல் நிறுவனமே 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. பத்து நாளாகத் திட்டம் போட்டு வந்தவனுக்கு, பாவம், துடித்துப்போய்விட்டான் என்று அர்த்தப்படும் ஒரு சொல்லை நாம் கொடுத்தோம்.

1915 இலும் இப்படித்தான் இருந்தது. மே 28 இரவு கண்டியில் வெசாக் பெரஹர ஒன்று பள்ளிவாசலைக் கடந்து போகும்போது தொடங்கியது என்று பாடப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம். ஆனால் பெரஹர மேளத்தைப் பற்றிய கம்பளை வழக்கு 1912 இலிருந்தே நீதிமன்றத்தில் இருந்தது. மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 1915 பெப்ரவரியில். கரையோர முஸ்லிம் வியாபாரிகள் மேல் கடைத்தெருப் பொறாமை அதற்கும் முந்தியது. கண்டியில் மூண்டது நாட்கணக்கில் மாகாணம் மாகாணமாகப் போனது, ஜூன் 2 இல் இராணுவச் சட்டம் வந்தது. ஒரு மேளச் சத்தத்தின் ஆத்திரம் அவ்வளவு தூரம் நடக்காது.

இனி மற்றப் பக்கம். 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 க்கும் மேற்பட்ட உயிர்கள். நம் பெயர்களை வைத்திருந்தவர்கள் செய்தார்கள். அதற்குப் பிறகு நம் ஆட்கள் சிலர், மெதுவான குரலில், "திகனைய நெனச்சி ஆத்திரத்துல போன பொடியன்கள்" என்று சொல்லக் கேட்டோம். ஒரு ஜனாஸா வீட்டில், தேத்தண்ணி குடித்துக்கொண்டு. அந்த இடத்தில் நாங்கள் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறோம். குண்டு ஆத்திரத்தில் செய்யப்படுவதில்லை. அதற்கு வீடு வாடகைக்கு எடுக்க வேண்டும், சாமான் சேர்க்க வேண்டும், மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல் ஸலாம் சொல்லித் திரிய வேண்டும். அந்த மே 13 இல் மினுவாங்கொடையில் நம் கடைகளை எரித்தவர்களுக்கு ஆத்திரம் என்ற பெயர் பொருந்தாது என்றால், இவர்களுக்கும் பொருந்தாது. ஒரு சொல்லுக்கு நமக்கொரு அளவு, அவர்களுக்கொரு அளவு கிடையாது.

சொல்லின் பொருள் மாறுவது உலக வழக்கம்தானே என்று ஆசிரியர் அறையில் ஒரு சேர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆத்திரம் தீர்த்துக்கொண்டான் என்று இப்போது சொல்கிறோம். காத்திருந்து பழி வாங்கியதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பழைய ஆத்திரம் என்றுகூடச் சொல்கிறோம். பழைய அவசரம் என்று யாராவது சொல்வார்களா? பொருள் மாறட்டும், அதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. எங்கள் முறைப்பாடு, புதுப் பொருளுக்குப் போன சொல் பழைய பொருளின் மன்னிப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போனதுதான். பாயில் கிடந்தவனுக்குக் கிடைத்த இரக்கம், பத்து நாள் காத்திருந்தவனுக்கும் கிடைக்கிறது.

அந்தப் பையனிடம் வருவோம். அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஏசவில்லை. மூத்தம்மாவின் பேணிக் கதையைச் சொன்னோம். ஆதுரயா கதையையும் சொன்னோம், பேயோட்டுவது என்றதும் கண்ணை விரித்துக் கேட்டான். அலுமாரித் திறப்புக் கதையையும் சொன்னோம். அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எங்களுக்காக வெட்கப்பட்டானா, தனக்காகவா என்று தெரியாது. பிறகு கேட்டோம்.

"செவ்வாய்க்கிழம அவனக் கண்டியா?"

"கண்டன் சேர்."

"அப்ப ஏன் அடிக்கல?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "அவன்ட காக்கா கூட இருந்தாரு."

"அப்ப ஆத்திரமா?"

"இல்ல சேர்." பிறகு, "அப்ப என்னண்டு எழுதுற?" என்று கேட்டான்.

சொல் ஒன்று எடுத்துக் கொடுக்க எங்களுக்கு ஆசைதான். வஞ்சம், கறள், பகை என்று தமிழில் நிறைய இருக்கிறது. கொடுக்கவில்லை. நீயே எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினோம். இடைவேளைக்குப் பிறகு கொண்டுவந்தான். இந்த முறை கொப்பியைக் கிழிக்கவில்லை, கோடு போட்ட புதுத் தாள். எழுத்துப் பிழையோடு இருந்தது: "நான் ரெண்டு நாள் யோசிச்சி, உன்ட காக்கா இல்லாத நேரம் பாத்து அடிச்சன். என்ன மன்னிச்சிக்க."

அதைப் பல் உடைந்த பிள்ளையிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அந்தப் பிள்ளை வாசித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். முதல் கடிதத்தை அவன் வாங்கி மேசையில் போட்டுவிட்டுப் போயிருந்தான்.